நோயாளிக்கு என்ன உறவு

இன்னும் இரண்டு பேர்தான், அதற்குப் பிறகு நீங்கள் என்று பல்கலைக்கழக அட்டெண்டர் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே போன முதல் ஆளே இன்னும் வெளியே வரவில்லை. பேராச்சி பெஞ்சின் நுனியில், யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஸ்பைரல் போட்ட மூன்று பிரதிகள், ஒவ்வொன்றின் மேலேயும் தடித்த எழுத்தில் தலைப்பு: குருதிக்கொடையும் உடன்பிறப்பு உறவும், ஒரு சமூகவியல் ஆய்வு. குருதிக்கொடை என்ற சொல்லை அவள் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் கவுண்டரில் உட்கார்ந்து, ரத்தம் குடுக்க ஆள் இருக்கா என்றுதான் கேட்டிருக்கிறாள். வழிகாட்டி ஞானதுரை சார்தான் அந்தச் சொல்லைப் போட்டார். சொல் நன்றாகத்தான் இருந்தது, இஸ்திரி போட்ட சேலை மாதிரி. இன்றைக்குக் கமிட்டி இந்தத் தலைப்பை உறுதிசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டால் மீதியெல்லாம் எழுதுகிற வேலைதான். போடாவிட்டால் இந்த மாசத்தோடு முனைவர் பட்டப் பதிவு ரத்து. இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, மூன்றாவது தடவை கிடையாது என்று கடிதத்திலேயே இருக்கிறது. ஞானதுரை சாருக்கு ஓய்வு பெற மூன்று வருஷம்கூட இல்லை, இனிமேல் புது ஆள் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. நாற்பத்து மூன்று வயசில், ஷிப்ட் மாற்றிக்கொண்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருகிறவளை வேறு எந்த வழிகாட்டி எடுப்பார். ஆக, இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. இதை அவள் காலையிலிருந்து பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல மனசு ஒரு முடிவுக்கு வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

ஒரு தலைப்புக்காக மனுஷி இப்படி அலைய வேண்டியிருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் தலைப்பு, புளி கரைக்கும்போது தலைப்பு, யாரோ ஒருவர் கையில் ஊசி ஏறி ரத்தம் பையில் நிரம்புகிற எட்டு நிமிஷத்திலும் தலைப்பு. முதலில் பணிபுரியும் பெண்களின் வேலையும் குடும்பமும் என்று எழுதிக்கொண்டு போனாள். சார் ஒன்றும் சொல்லாமல் அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அலமாரியின் முன்னால் நிறுத்தினார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை அதே தலைப்பு, மாவட்டத்தின் பெயர் மட்டும் வேறு வேறு. நம்ம மாவட்டத்துக்கே நாலு இருக்கும்மா என்றார். அடுத்து செவிலியரின் பணிச்சுமை என்று கொண்டுபோனாள். அது பக்கத்து அலமாரி. வீட்டில் கேட்டால், பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள், செல்போன்னு எழுதும்மா, எல்லாத்துக்கும் நீ அதைத்தானே காரணம் சொல்லுத என்றாள். ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியிடம் தடையில்லாச் சான்று வாங்கப் போனபோது, நம்ம நிறுவனத்தோட சேவையைப் பத்தி எழுது, நாங்களே புஸ்தகமாப் போட்டுருவோம் என்றார். அவள் கணவன் லிங்கதுரை, டாக்டர் ஆனபொறவு எனக்குக் காய்ச்சல்னா ஊசி நீயே போட்டுருவியா என்று கேட்டான். அதையே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேர் முன்னாலும் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை சார் பொறுமையிழந்து, ஊருக்கெல்லாம் தெரிஞ்சதை நீ எதுக்கும்மா எழுதணும், அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவளுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன இருக்கு, அதைச் சொல்லு என்றார். அவள் யோசிக்கவே இல்லை. பொண்டாட்டிக்கு ரத்தம் வேணும்னா புருஷன் வரமாட்டான் சார் என்றாள். சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பின்ன யாரு வருவா? அண்ணன் தம்பிதான் சார். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. பதிவேட்டைப் புரட்டினால் நோயாளிக்கு உறவு என்ற கட்டத்தில் அண்ணன், அண்ணன், தம்பி, அண்ணன் என்றுதான் கண்ணில் படும். ஒரே எழுத்தைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவளுக்கு அதுதான் உலகம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்துறோம், சீர் வாங்குறோம், எல்லாம் போச்சுன்னு சொல்லுதாங்க, ஆனா ரத்தத்துல இருக்கே பாத்தியா என்றார். அவருக்கு நாசரேத்தில் ஓர் அக்கா இருந்து இறந்துபோனது பிற்பாடுதான் இவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் தடவையா மேடம் என்று கேட்டார். கோமதிநாயகம் என்று பெயர் சொன்னார். ஒரு வங்கிக் கிளையின் மேலாளர், மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி ஆய்வு, இன்றைக்கு வருஷாந்திர அறிக்கை கொடுக்க வந்திருக்கிறார். அடுத்த தை மாசம் மகள் கல்யாணம், பத்திரிகையில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று ஒன்று இருந்தால் சம்பந்தி வீட்டில் ஒரு மரியாதை, அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். நானூறு பெண்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டியிருந்ததாம். வேலைக்கு நடுவில் எங்கே போவது? இரண்டு சனிக்கிழமை கிளையிலேயே உட்கார்ந்து ஊழியர்களை வைத்து நிரப்பிவிட்டாராம். "எங்க கிளார்க் ஒருத்தன், அவன் மட்டுமே அறுபது பொம்பளையா மாறிட்டான் மேடம். கடைசில குழுவுல சேரணும்னு அவனுக்கே ஆசை வந்துட்டு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். யாரும் சந்தேகப்பட மாட்டார்களா என்று பேராச்சி கேட்டாள். கேட்கும்போது தன் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எல்லாருமே மிகவும் திருப்தி என்று போட்டால்தான் சந்தேகம் வரும், அங்கங்கே ஓரளவு திருப்தி போடச் சொல்லிவிட்டேன் என்றார். எல்லாரும் அப்படித்தான் மேடம், வேலை பாக்கறவங்களுக்கு வேற வழி என்ன இருக்கு. அவர் சொன்னதில் ஒளிவு எதுவும் இல்லை. முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத் துண்டு போட்டதைச் சொல்வது மாதிரி சொன்னார். அவள் அவருடைய சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரிடம் சொன்னால் என்ன. சொன்னால் சிரிப்பார். இதுக்கா மேடம் யோசிக்கீங்க என்பார். அந்தச் சிரிப்பு தனக்கு வேண்டியிருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கதவு திறந்து முதல் ஆள் வெளியே வந்தான், கோமதிநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். பெஞ்சு ஒரு பக்கம் லேசாக எழும்பியது.

போன வியாழக்கிழமை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெண் நோயாளிகள், ஆறு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியது. கணவன் கொடுத்தது நூற்றுக்கு ஏழு, அண்ணன் தம்பி கொடுத்தது நாற்பத்தொன்று. சார் அந்த நாற்பத்தொன்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை, கமிட்டிக்குக் கொடுக்கும் பிரதியில் நோயாளி பெயர், கொடுத்தவர் பெயர் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி என்பதால், பெயர்களை அழிக்க உட்கார்ந்தாள். அழிப்பதற்கு முன் கண் ஒரு வரியில் நின்றது. நோயாளி: பாத்திமா பீவி, வயது இருபத்துநாலு. கொடுத்தவர்: சுயம்பு, வயது நாற்பத்தைந்து. உறவு: அண்ணன். முதலில் சிரிப்பு வந்தது. பாத்திமாவுக்கு சுயம்பு என்று ஓர் அண்ணன். யாரோ அவசரத்தில் வரி மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நினைத்து மறுநாள் ஆஸ்பத்திரியில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். வரி மாறவில்லை. அண்ணன் என்பதில் முதல் எழுத்தின் வால் கீழே இறங்கிச் சுழித்துப் போயிருந்தது. அப்படி எழுதுகிறவள் அந்தக் கவுண்டரில் ஒருத்திதான். பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டினாள். வேலம்மாளுக்கு அந்தோணி அண்ணன். இருபது வயசுக்காரிக்கு ஐம்பத்தாறு வயசு அண்ணன். ஒரே அண்ணன் ஒரு வருஷத்தில் இரண்டு வேறு வேறு வார்டுகளில் இரண்டு தங்கைகளுக்கு. சுழிக்கிற வால், சுழிக்கிற வால். பதிவேட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டருக்கு வெளியே ஒருவர், ஏம்மா ஃபாரம் எங்க வாங்கணும் என்று இரண்டு தடவை கேட்டார்.

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால் முதல் ஆள் ஞாபகம் வந்துவிடுகிறான். ஒன்பது வருஷம் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத பெண், இருபத்திரண்டு வயசு. இரண்டு பாட்டிலுக்கு மாற்றாக இரண்டு ஆள் வேண்டும். கணவன் கவுண்டர் வரைக்கும் வந்தான், அவன் அம்மா பின்னாலேயே வந்து, அவனே நூல் மாதிரி இருக்கான், வண்டி ஓட்டணும்லா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அது அங்கே வாடிக்கைதான். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் தனியாக வந்து, பதினாறாம் நம்பர் பெட்டுக்கு என்றான். பெயர் சொன்னான், வயசு சொன்னான். விரலில் குத்தி எடுத்த சொட்டை நீலத் தண்ணீரில் விட்டபோது அது நேராகக் கீழே போனது, நல்ல ரத்தம். உறவு என்று கேட்டாள். எழுதிக்கிடுங்க என்றான். என்னன்னு எழுத என்றாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். அன்றைய தேதியைக் கிழித்திருந்தார்களா இல்லையா என்று சரிபார்ப்பவன் மாதிரி பார்த்தான். பின்னால் வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். அவள் அண்ணன் என்று எழுதினாள். அவன் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினான். ரத்தம் கொடுத்த பிறகு தருகிற பிஸ்கட்டைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வார்டுப் பக்கம் திரும்பாமலே வாசலுக்குப் போனான். அவ்வளவுதான். கூட்டம். பசி நேரம். கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். வேறு என்ன காரணம் இருக்க முடியும். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிறவன், என்ன என்று சொல்லத் தெரியாமல் நிற்கிற ஆள், எல்லாரும் அண்ணன் ஆனார்கள். மத்தியான ஷிப்ட் ஸ்டீபன் அப்படிப்பட்டவர்களுக்கு நண்பர் என்று எழுதுவான், ராத்திரி ஷிப்ட் சிஸ்டர் உறவினர் என்று எழுதுவாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது கிடையாது, அவரவர் கைக்கு வந்தது. நிஜமான அண்ணன்களும் இருந்தார்கள், அதுதான் இன்னும் மோசம். கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிறவன் ஒருத்தன், வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி, புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து நின்று, எந்தங்கச்சிக்கு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க என்றான். அவனும் அதே கட்டத்தில்தான் இருக்கிறான், சுயம்புவுக்கு மேலேயோ கீழேயோ. கம்ப்யூட்டருக்கு இருவரும் ஒன்று. பெயர்களை அழித்தாகிவிட்டது. இனிமேல் இந்த உலகத்தில் அதைப் பார்த்து இது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அது நிம்மதியாக இருக்க வேண்டும். ஏன் இல்லை.

மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. அவள் அதை எண்ண ஆரம்பித்து, இருபதில் விட்டு, திரும்ப எண்ணினாள். நாற்பத்தொன்றில் பாதி பொய் என்று வைத்துக்கொண்டால்கூட இருபது இருக்கும், அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே. பாதிதான் என்று எப்படித் தெரியும். முப்பதாக இருக்கலாம். ஐந்தாக இருக்கலாம். சாரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை போன் போட்டாள், அவர் எடுத்ததுமே, உமையாள் மேடம் வெளியிலிருந்து வாராங்கம்மா, காரைக்குடி காலேஜ், ரொம்பக் கறாரு, ஆனா உன் டேபிளைப் பாத்தா அசந்துருவாங்க என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், டைப்பிங் தப்பு ஒண்ணு இருக்கு சார், திருத்திடுதேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். டைப்பிங் தப்பு. இன்னொரு பயமும் இருக்கிறது, அதை அவள் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில்தான் பார்க்கிறாள். ரத்த வங்கிப் பதிவேடு என்பது வெறும் நோட்டுப் புத்தகம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து ஆய்வாளர் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் கையெழுத்துப் போடுகிறார். அதில் தெரிந்தே தப்பாக எழுதினேன் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் ஆஸ்பத்திரி அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும். அதுவும் நியாயம்தான். ஆக, சொன்னால் படிப்பு போகும், வேலையும் போகும், சொல்லாவிட்டால் எதுவும் போகாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, லிங்கதுரையிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வான். அவனிடம் கேட்கவில்லை. ரத்த வங்கியைப் பற்றி அவனிடம் எதுவும் பேசுவதில்லை, அந்த ரோஸ் சீட்டுக்குப் பிறகு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதுக்கு இப்போது அது ஞாபகம் வர வேண்டும்.

வந்துவிட்டது, விடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவந்தபோது, அதே ஆஸ்பத்திரி, அதே ரத்த வங்கி, ஒரு பாட்டில். லிங்கதுரை வந்தான், பாவம், வராமல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நீலத் தண்ணீரையும் குத்துகிற ஊசியையும் பார்த்ததும் முகம் வெளுத்து, இந்தா வாரேன் என்று எழுந்து போனான். அண்ணன் சங்கரபாண்டி கோயம்புத்தூரில் இருந்தான். கிளம்பிட்டேன் என்று போன் வந்தது, அப்புறம் லீவு கிடைக்கலை என்று போன் வந்தது. அவன் மேல் தப்பில்லை, மில்லில் அப்படித்தான். கடைசியில் ஸ்டீபன் தன் ஷிப்ட் முடிந்ததும் தானே படுத்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, தானே ஃபாரமும் எழுதினான். உறவுக் கட்டத்தில் எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி நண்பர் என்று எழுதினான். ரத்தம் கொடுத்தாகிவிட்டது என்று வார்டுக்குத் தெரிவிக்க ஒரு ரோஸ் நிறச் சீட்டு போகும், நோயாளி பெயர், கொடுத்தவர் பெயர், உறவு. மயக்கம் முழுதாகத் தெளியாத நேரத்தில் லிங்கதுரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நண்பர்னு போட்டிருக்கே, யாரு. ஸ்டீபன் என்றாள். பேருதான் போட்டிருக்கே, நண்பர்னா? சிரித்துக்கொண்டேதான் கேட்டான். மாமியார் சீட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்துவிட்டு, நாலாக மடித்து ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு வைத்தாள். இன்னும் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. கோபமாக ஒரு சொல் இல்லை. இரண்டு மாசம் கழித்து, ஒன் நண்பர் வீட்ல விசேஷமாமே, போகலையா. தீபாவளிக்கு, ஒன் நண்பருக்கும் ரெண்டு முறுக்கு எடுத்து வை. இப்போதும், ஷிப்ட் மாறி ஒரு நாள் மத்தியானம் வேலை என்று சொன்னால், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஓ, நண்பர் ஷிப்டு என்பான். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஸ்டீபனோடு டீ குடிப்பதை அவளே நிறுத்திவிட்டாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனையோ பேர் அடி வாங்குகிற ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமா. ஒரு தலைப்பு உறுதியாகப் போகிற நேரத்தில் நினைக்கிற விஷயமா.

கோமதிநாயகம் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, மாதிரியின் அளவு பாராட்டத்தக்கது என்று எழுதியிருக்காங்க மேடம் என்று காகிதத்தைக் காட்டிவிட்டுப் போனார். அட்டெண்டர் அவளைக் கையால் கூப்பிட்டார்.

அறைக்குள் நீளமான மேசை. துறைத்தலைவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு கூட்டத்துக்குப் போயிருந்தார். ஞானதுரை சாரும், அவருக்குப் பக்கத்தில் நரைத்த முடியை இறுக்கி முடிந்த உமையாள் மேடமும் மட்டும் இருந்தார்கள். பேராச்சி மேசையின் மறுமுனையில் நின்றபடியே வாசித்தாள். ஆரம்பத்தில் தடுமாறினாள், பிறகு வாக்கியங்கள் தாமாகப் போயின, பலமுறை ஒத்திகை பார்த்தவை. நாற்பத்தொன்று என்று சொல்கிறபோது சார் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். மேடம் ஒரு கேள்வி கேட்டார், கணவன் வராததற்குப் பயம் காரணமா, வீட்டில் விடாதது காரணமா என்று. பேராச்சி இரண்டும் என்றாள், உதாரணம் சொன்னாள். மேடம் குறித்துக்கொண்டார். இன்னொரு பக்கத்தைத் திருப்பி, சாதாரணமாக, இந்த உறவுங்கிற கட்டத்தை யாரு நிரப்புறது, கொடுக்க வர்றவங்களா என்று கேட்டார்.

அவங்க சொல்லுவாங்க மேடம், நாங்க எழுதிக்கிடுவோம் என்றாள் பேராச்சி.

மேடம் தலையசைத்தார். சார் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, மேடத்தின் பக்கம் நகர்த்தினார். முடிந்தது. இவ்வளவுதான். எந்தச் சத்தமும் இல்லாமல் முடிந்துவிடுகிறது. மேடம் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் போலிருந்தது, மெதுவாக எழுதினார். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கையில் எழுத்துகள் தலைகீழாக ஒவ்வொன்றாக வந்தன. நல்ல தலைப்பும்மா என்று சார் சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் இதையேதான் எழுதப் போகிறாள், சுயம்பு அண்ணனைப் பற்றி, சீர் பற்றி, தாய்மாமன் மடி பற்றி. எழுதி முடித்ததும் அது ஒரு அலமாரியில் நிற்கும். பிறகு யாரோ ஒருத்தி வந்து அதைப் படித்துவிட்டு, அண்ணன் தம்பிதான் வருவாங்க சார் என்று சொல்லுவாள்.

"மேடம், நான் இப்ப சொன்னது சரியில்ல" என்றாள்.

சார்தான் நிமிர்ந்தார். "எதும்மா?"

"அவங்க சொல்லலை சார். கொஞ்சம் பேரு சொன்னாங்க. சொல்லாம நின்னவங்களுக்கு நான்தான் அண்ணன்னு எழுதினேன்."

எத்தனை பேருக்கு என்று சார் கேட்டார். தெரியாது என்றாள். நிஜ அண்ணன்களும் இருக்கிறார்கள், எது எது என்று இப்போது தனக்கே தெரியவில்லை என்றாள். மத்த ஷிப்டுகளில் என்ன எழுதுவார்கள் என்பதையும் சொன்னாள். கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக உணர்ந்து நிறுத்தினாள். சார் சட்டைப் பையில் கை வைத்தார், எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி, பிறகு கையை எடுத்துவிட்டார். உள்ள வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கலாம்லாம்மா என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். பிறகு, இது வெளிய போனா ஆஸ்பத்திரில உன்னை வச்சிருப்பாங்களா என்று கேட்டார்.

"மாட்டாங்க சார்."

உமையாள் மேடம் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. பெயரில் பாதி எழுதியிருந்தது. "ஏன் அண்ணன்?" என்று கேட்டார்.

பேராச்சிக்குப் புரியவில்லை.

"கோடு போட்டு விட்டிருக்கலாம். அந்த சிஸ்டர் மாதிரி உறவினர்னு எழுதியிருக்கலாம். நீங்க ஏன் அண்ணன்னு எழுதினீங்க?"

கூட்டம் மேடம், பசி நேரம், சூப்பர்வைசர் திருப்பி அனுப்புவார். மூன்று காரணங்களும் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தபோது அவற்றில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"சீட்டு வார்டுக்குப் போகும் மேடம். புருஷன் கையில, மாமியார் கையில குடுப்பாங்க. வேற எந்த ஆம்பளைன்னு எழுதினாலும் யாருன்னு அந்தப் பொண்ணைக் கேப்பாங்க. உறவினர்னு போட்டா என்ன உறவும்பாங்க. நண்பர்னு போட்டா…" அவள் கையிலிருந்த ஃபைலை மேசையில் வைத்தாள். "சண்டை போட மாட்டாங்க. சும்மா கேப்பாங்க. நாலு வருஷம் ஆனாலும் கேப்பாங்க. அண்ணன்னு போட்டாத்தான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சார் அவளை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். வெளியே அட்டெண்டர் யாரிடமோ, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும், உக்காருங்க என்று சொல்வது கேட்டது.

உமையாள் மேடம் பாதிக் கையெழுத்தோடு இருந்த ஒப்புதல் தாளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் எதுவும் இல்லை. அதன் மேலே தலைப்பு என்று மட்டும் எழுதினார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். "மெதுவா."